செராமிக் கரி அடுப்பில் மறைமுகச் சூடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் மொட்டை மாடியிலும் கொல்லையிலும் கமாடோ எனப்படும் முட்டை வடிவ செராமிக் அடுப்பை வைத்திருப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். அளவுகள் எல்லாம் 18 அங்குலக் கம்பித்தட்டு உள்ள அடுப்புக்குச் சொல்லப்பட்டவை. சிறிய அடுப்பென்றால் கரியைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலையில் மாற்றம் இல்லை. டிகிரி என்பது எங்கும் செல்சியஸ்தான்.

மறைமுகச் சூடு என்றால் என்ன?

தணலுக்கு நேர் மேலே கறியை வைத்தால் கங்கின் அனல் அடிப்பக்கத்தைத் தாக்கும். இறாலுக்கும் மெல்லிய மீன் துண்டுக்கும் அது போதும். இரண்டு கிலோ ஆட்டுத்தொடையை அப்படி வைத்தால் வெளியே கரிந்துபோயிருக்கும், எலும்பை ஒட்டிய இடம் சிவப்பாகவே நிற்கும்.

மறைமுகச் சூட்டில் தணலுக்கும் கறிக்கும் நடுவே ஒரு கல் குறுக்கே நிற்கிறது. அனல் கறியை நேராகப் பார்ப்பதில்லை. சூடான காற்று கல்லின் ஓரத்தைச் சுற்றி மேலே ஏறி, மூடியின் வளைவில் பட்டு, கறியின் எல்லாப் பக்கத்தையும் தொட்டுவிட்டு மேல் வாய் வழியே வெளியேறுகிறது. தடித்த செராமிக் சுவரும் சூடேறிச் சுற்றிலுமிருந்து சூட்டைத் திருப்பித் தருகிறது. அதனால் கறியைப் புரட்ட வேண்டியதில்லை, பக்கத்திலேயே நிற்கவும் வேண்டியதில்லை.

அடுப்பில் என்னென்ன பாகங்கள் இருக்க வேண்டும்?

அடியில் சறுக்கிக் கதவு போட்ட கீழ்க் காற்றுவாய். அதற்கு மேலே கரி கொட்டும் செராமிக் குழி, அதன் அடியில் சாம்பல் உதிரும் ஓட்டைத்தட்டு. குழியின் மேல் ஒரு செராமிக் வளையம். வளையத்தின் மேல் உட்காருவது தடுப்புக்கல், அதற்கு மேல் கம்பித்தட்டு. பிறகு மூடி, மூடியின் உச்சியில் திருகித் திறக்கும் மேல் காற்றுவாய், மூடியின் முகத்தில் தெர்மாமீட்டர். மூடியும் அடிப்பாகமும் சந்திக்கும் விளிம்பில் காற்று கசியாமல் இருக்க கேஸ்கெட் பட்டை ஒட்டியிருக்கும்.

வாங்கும்போது தடுப்புக்கல் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். சில கம்பெனிகள் அதைத் தனியாகத்தான் விற்கின்றன. அது இல்லாமல் இந்தப் பக்கத்தில் சொல்லும் எதையும் செய்ய முடியாது.

தடுப்புக்கல் இல்லை. கடப்பாக்கல், தோசைக்கல் போடலாமா?

கடப்பாக்கல் வேண்டாம். அது சுண்ணாம்புக்கல் வகை, அடுக்கடுக்காக இருக்கும். தணல் மேல் வைத்தால் அடுக்கு பெயர்ந்து சில்லு தெறிக்கும். கிரானைட் துண்டும் அப்படித்தான் வெடிக்கலாம். நான்-ஸ்டிக் தவாவைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். அதிகச் சூட்டில் அந்தப் பூச்சிலிருந்து கெட்ட புகை கிளம்பும்.

இரும்புத் தோசைக்கல் அவசரத்துக்கு ஆகும். ஆனால் இரும்பு தன் சூட்டை அப்படியே மேலே வீசும், கறியின் அடி சீக்கிரம் கரியும். கல்லின் மேல் இரண்டு விரல் உயரத்துக்கு இடைவெளி விட்டு ஒரு தட்டு வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். இவை எல்லாவற்றையும் விட நல்லது ஃபயர் பிரிக் எனப்படும் சூடு தாங்கும் செங்கல். பர்னஸ், பாய்லர் வேலைக்குச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். தட்டையான செங்கல்களைக் கம்பித்தட்டின் மேல் நெருக்கமாக அடுக்கி, அதற்கு மேல் இன்னொரு கம்பித்தட்டைத் தூக்கி வையுங்கள். எதைப் போட்டாலும் சுவருக்கும் கல்லின் ஓரத்துக்கும் நடுவே சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. இடைவெளி வேண்டும். அதை அடைத்துவிட்டால் காற்று ஏற வழியில்லாமல் தணல் மூச்சுத் திணறும்.

எந்தக் கரி நல்லது?

நம் பக்கத்தில் சுலபமாகக் கிடைப்பது சீமைக்கருவேலங்கரி. பெரும்பாலும் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து மூட்டையாக வருகிறது. கனமான கரி, நின்று எரியும். மறைமுகச் சமையலுக்கு இதுவே போதும். ஒரு குணம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பற்றும்போது படபடவென்று வெடித்துப் பொறி பறக்கும். முதல் பத்து நிமிடம் முகத்தைக் குழிக்கு மேல் நீட்டாதீர்கள்.

புளியங்கரியும் சவுக்குக்கரியும் நல்லவை. சவுக்கு பெரும்பாலும் மெலிந்த கழியாக இருப்பதால் சீக்கிரம் தீரும். கொட்டாங்குச்சிக் கரி சூடு அதிகம் தரும், ஆனால் ஓட்டுத்துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து காற்றை அடைத்துவிடும். அதை மட்டும் கொட்டாமல், கட்டைக்கரியின் மேல் ஒரு பங்கு தூவுங்கள். கொட்டாங்குச்சித் தூளை அழுத்திச் செய்த கட்டிகளும் வருகின்றன. அவை சீராக எரியும், சாம்பல் கூடுதல். நீண்ட சமையலில் அந்தச் சாம்பலே ஓட்டைத்தட்டை மூடும்.

கரி எங்கே வாங்குவது என்று தெரியாவிட்டால் தெருவில் இஸ்திரி போடுபவரைக் கேளுங்கள். இன்னும் கரிப்பெட்டியில் தேய்ப்பவராக இருந்தால் ஊரில் நல்ல கரி எந்தக் கடையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

வாங்கும்போது இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுங்கள். கணீரென்று கண்ணாடிச் சத்தம் வந்தால் நன்றாக வெந்த, காய்ந்த கரி. சத்தம் அமுங்கிக் கேட்டால் ஈரம் ஏறியிருக்கிறது. உடைத்துப் பார்த்து உள்ளே பழுப்பு நிறம் தெரிந்தால் அது பாதி வெந்த விறகு. கண்ணைக் கரிக்கும் புகை அதிலிருந்துதான் வரும்.

எவ்வளவு கரி போட வேண்டும்? ஒரு மணி நேரச் சமையலுக்குக் குறைத்துப் போடலாமா?

எப்போதும் குழி நிறையப் போடுங்கள். குழியின் மேல்விளிம்பு வரை நிரப்ப 3 முதல் 4 கிலோ பிடிக்கும். 120 டிகிரியில் அது 12 மணி நேரத்துக்கு மேல் ஓடும். மீந்த கரி வீணாவதில்லை. காற்றுவாய்களை அடைத்தால் அணைந்து அடுத்த முறைக்கு நிற்கும். குறைவாகப் போட்டால் நடுவில் தீர்ந்துபோய், கறியையும் சூடான கல்லையும் தூக்கிவிட்டுக் கரி சேர்க்க வேண்டி வரும். அந்தத் தொல்லைக்கு இரண்டு கிலோ கரி பெரிதல்ல.

அடுக்குவதிலும் கவனம் வேண்டும். மூட்டையைத் தூக்கி அப்படியே கவிழ்த்தால் அடியில் இருக்கும் தூள் முதலில் போய் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். கையளவு பெரிய துண்டுகளை அடியில் வையுங்கள், நடுத்தரத் துண்டுகளை மேலே. தூளைத் தனியாகச் சலித்து எடுத்துவிடுங்கள். போன முறை மீந்த கரி கிடந்தால் முதலில் ஒரு கம்பியால் கிளறிச் சாம்பலை உதிர்த்து, கீழ்வாய் வழியே வழித்தெடுத்துவிட்டுப் புதிய கரியைச் சேருங்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கலாமா?

கூடாது. உட்சுவர் பளபளப்புப் பூசாத செராமிக், எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். அப்புறம் பல சமையலுக்கு அந்த வாடை வரும். பெட்ரோல், தின்னர் ஊற்றுவது உயிரோடு விளையாடுவது.

ஒரு உருண்டைப் பஞ்சை சமையல் எண்ணெயில் தோய்த்துப் பிழிந்து, கரிக்குள் பாதி புதையும்படி வைத்துக் கொளுத்துங்கள். சில நிமிடம் நின்று எரியும்; அதற்குள் பக்கத்துக் கரி பிடித்துவிடும். காய்ந்த பன்னாடையும் தென்னம்பாளைச் சிம்பும் கூட நன்றாகவே பற்றும், சிறிது புகையும். கற்பூரம் போடுபவர்கள் உண்டு. கரும்புகை விடும் அந்தப் பொருள், பஞ்சும் எண்ணெயும் கையில் இருக்கும்போது எதற்கு?

120 டிகிரிக்கு அடுப்பைத் தயார் செய்யும் வரிசையைச் சொல்லுங்கள்.

சமைக்க நினைக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் தொடங்குங்கள். சாம்பலை வழித்து, கரியை நிரப்பி, கீழ்வாயை முழுக்கத் திறந்து வையுங்கள். கரியின் மேல் ஒரே இடத்தில், அதிகம் போனால் இரண்டு இடத்தில், பஞ்சு வைத்துக் கொளுத்துங்கள். குழி முழுவதையும் பற்றவைத்துவிட்டால் 120 டிகிரியில் நிறுத்தவே முடியாது. முதல் முறை வைப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

மூடியைத் திறந்தே பத்து நிமிடம் விடுங்கள். உள்ளங்கை அகலத்துக்குக் கங்கு சிவந்ததும் தடுப்புக்கல்லை வையுங்கள். மூன்று கால் உள்ள கல்லென்றால் கால்கள் மேலே பார்க்க வேண்டும், கம்பித்தட்டு அந்தக் கால்களின் மேல் உட்காரும். கல்லின் மேல் கறியின் கொழுப்பைப் பிடிக்கும் சொட்டுத்தட்டு, அதற்கு மேல் கம்பித்தட்டு, பிறகு மூடியைச் சாத்துங்கள். மேல்வாய் பாதி திறந்திருக்கட்டும்.

கல் குளிர்ந்திருப்பதால் முதலில் தெர்மாமீட்டர் முள் அசையாது. பதறிக் காற்றைக் கூட்டாதீர்கள். முள் 90ஐத் தொட்டதும் கீழ்வாயை 2 செ.மீ. அளவுக்குக் குறைத்து, மேல்வாயைக் கால் பங்கு ஆக்குங்கள். 105இல் கீழே 1 செ.மீ., மேலே ஒரு கீற்று மட்டும். 115க்கும் 120க்கும் நடுவே தானாக வந்து நிற்கும். நின்ற பிறகு இருபது நிமிடம் அப்படியே விடுங்கள். சுவரும் கல்லும் சூட்டைக் குடித்து முடிக்காமல் கறியை வைத்தால் முள் கீழே இறங்கும், நீங்கள் காற்றைத் திறப்பீர்கள், அரை மணி கழித்து 160இல் நிற்பீர்கள்.

கடைசியாகப் புகையைப் பாருங்கள். வெள்ளையாகத் திரண்டு வந்தால் இன்னும் தயாராகவில்லை. மேல்வாய்க்கு மேலே கண்ணுக்குத் தெரியாத அனல் மட்டும் நெளிய வேண்டும். புகையை உள்ளங்கையால் மூக்குப் பக்கம் விசிறிப் பாருங்கள். நெடி அடிக்காவிட்டால் கறியை வைக்கலாம்.

காற்றுவாயை மாற்றியும் சூடு மாறவில்லையே?

மாறும், பொறுங்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடை வாய்க்காலுக்கு வந்து சேர நாளாவது போல, காற்றில் செய்த மாற்றம் முள்ளில் தெரியப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அதற்குள் இன்னொரு முறை திருகினால் எந்த மாற்றம் எதைச் செய்தது என்றே தெரியாமல் போகும். கீழ்வாயால் பெருவெட்டாகச் சரிசெய்து, மேல்வாயால் நுணுக்கமாகத் திருத்துங்கள். ஒரு முறைக்கு 2, 3 மி.மீ.க்கு மேல் நகர்த்த வேண்டாம்.

180 டிகிரி வேண்டுமென்றால் கீழ்வாய் 4 செ.மீ., மேல்வாய் பாதி என்று தொடங்கலாம். இந்த அளவுகள் அடுப்புக்கு அடுப்பு மாறும். உங்கள் அடுப்பில் முள் நின்ற இடத்தில் கீழ்க் கதவின் ஓரத்தில் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

சூடு எகிறிவிட்டது. எப்படி இறக்குவது?

140இல் நிற்க வேண்டியது 150 ஆனால் விட்டுவிடுங்கள், கறிக்கு ஒன்றும் ஆகாது. 120க்கு வைத்தது 180 ஆகிவிட்டதென்றால் இரண்டு வாயையும் கிட்டத்தட்ட அடைத்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. செராமிக் சூட்டை விடாது. ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மூடியைத் திறந்து ஆற வைக்க நினைக்காதீர்கள். திறந்த அடுப்பில் காற்று கொட்டி எல்லாக் கரியும் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தெளித்தால் செராமிக் விரிசல் விடும். இறக்குவது இவ்வளவு கடினம் என்பதால்தான் எப்போதும் கீழிருந்து மெதுவாக ஏற்ற வேண்டும் என்கிறோம்.

சூடு ஏறவே மாட்டேன் என்கிறது.

பத்துக்கு எட்டு முறை சாம்பலோ தூளோ ஓட்டைத்தட்டை அடைத்திருக்கும். கீழ்வாய் வழியே வளைந்த கம்பியை விட்டு அடியிலிருந்து குத்திவிடுங்கள். அப்படியும் ஏறாவிட்டால் கரி ஈரம், அல்லது தடுப்புக்கல்லின் மேல் வைத்த தட்டு அகலமாகிச் சுற்றியுள்ள இடைவெளியை மறைக்கிறது.

மூடியைத் திறந்ததும் தீ குப்பென்று முகத்துக்கு வந்தது. ஏன்?

உள்ளே காற்று குறைவாக இருக்கும்போது எரியாத வாயு தேங்கி நிற்கும். மூடியைச் சட்டென்று திறந்தால் காற்று உள்ளே பாய்ந்து அது ஒரே நொடியில் பற்றும். புருவமும் கைமயிரும் கருகியவர்கள் பலர். மூடியை இரண்டு விரல் அளவு தூக்கி, ஐந்து நொடி பிடித்து, இறக்கி, இன்னொரு முறை அப்படியே செய்துவிட்டு முழுக்கத் திறங்கள். காற்றுவாய்களை அடைத்து வைத்திருந்த பிறகு திறப்பதென்றால் இதைத் தவறவே கூடாது. பக்கத்தில் குழந்தைகள் நிற்கக் கூடாது. முந்தானையும் துப்பட்டாவும் தொங்கக் கூடாது.

மூடியில் உள்ள தெர்மாமீட்டரை நம்பலாமா?

முதலில் சோதித்துப் பாருங்கள். கழற்றி அதன் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் விடுங்கள். டெல்டா முழுவதும் கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்கள் என்பதால் 100 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பல மாடல்களில் முதுகிலுள்ள நட்டைச் சிறு ஸ்பேனரால் திருகிச் சரிசெய்யலாம்.

சரியான முள்ளும் மூடியின் உயரத்துச் சூட்டைத்தான் காட்டும். கம்பித்தட்டில், அதுவும் குளிர்ந்த பெரிய கறிக்குப் பக்கத்தில், தொடக்கத்தில் 10 முதல் 25 டிகிரி குறைவாக இருக்கும். நேரம் போகப்போக இரண்டும் நெருங்கும். முள்ளின் முனை கறியில் குத்திக்கொண்டிருந்தால் காட்டுவது கறியின் சூடு. பெரிய துண்டுகளுக்கு அது அடிக்கடி நடக்கும். கறிக்குள் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் கம்பி ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்புக்கு விற்கும் மற்ற அலங்காரச் சாமான்களை விட அதற்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

சொட்டுத்தட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

வேண்டாம். மெல்லிய தகரக் கிரில்களில் காற்று வேகமாக ஓடுவதால் தண்ணீர் வைப்பார்கள். செராமிக் அடுப்பில் காற்று ஓட்டமே குறைவு, ஈரம் உள்ளேயே தங்கும். ஆனால் தட்டு கல்லின் மேல் நேராகப் படியக் கூடாது. அடியில் மூன்று எவர்சில்வர் நட்டுகளையோ ஓட்டுச் சில்லுகளையோ வைத்துத் தூக்குங்கள். இல்லாவிட்டால் சொட்டும் கொழுப்பு கல்சூட்டில் கருகி, அந்தக் கசப்புப் புகை கறியில் ஏறும். தட்டு எவர்சில்வரோ அலுமினியமோ இருக்கலாம். துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம், சூட்டில் அதன் ஆவி உடம்புக்குக் கெடுதல்.

ஆட்டுத்தொடை, கோழி, மீன் எதற்கு எவ்வளவு நேரம்?

நேரத்தை விடக் கறிக்குள் இருக்கும் சூடுதான் கணக்கு.

ஆட்டுத்தொடை, ஒன்றரை முதல் இரண்டு கிலோ: நம் வெள்ளாட்டுக் கறியில் கொழுப்பு குறைவு, நார் அதிகம். அடுப்பை 130இல் நிறுத்தி, மசாலா தடவிய தொடையை எதிலும் சுற்றாமல் வையுங்கள். உட்சூடு 70 வர இரண்டு, இரண்டரை மணி ஆகும். அந்த இடத்தில் உட்சூடு ஏறாமல் நின்றுவிடும். கறியின் ஈரம் ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விப்பதுதான் காரணம். அடுப்பில் கோளாறு இல்லை, காற்றைக் கூட்ட வேண்டாம். அப்போது எடுத்து, வாட்டிய வாழையிலையில் அரைக் குவளை எலும்புச் சாறோடு மடித்து, வெளியே அலுமினியத் தாள் சுற்றித் திரும்ப வையுங்கள். 92 முதல் 95 வரை போக வேண்டும். கம்பியைக் குத்தினால் தடையே இல்லாமல் இறங்கும், எலும்பைத் திருகினால் கழன்று வரும். அரை மணி ஆறவிட்டுப் பிரியுங்கள்.

பிராய்லர் கோழி, ஒன்றரைக் கிலோ: கறிக்கடையில் தோலோடு கேளுங்கள், சொல்லாவிட்டால் உரித்துவிடுவார்கள். முதுகெலும்பை வெட்டி நீக்கி, நெஞ்சை அழுத்தித் தட்டையாக்கி, தோல் மேலே இருக்க 180இல் வையுங்கள். ஐம்பது முதல் அறுபது நிமிடம். நெஞ்சில் 74, தொடையில் 80 காட்ட வேண்டும். 120இல் வைத்தால் கறி வேகும், தோல் ரப்பராக இழுக்கும். நாட்டுக்கோழியை இப்படிச் செய்தால் பல் வலிக்கும். அதை 130இல் நிறம் வந்ததும் இலையில் சுற்றி ஆட்டுத்தொடை வழியில் கொண்டுபோங்கள். எவ்வளவு நேரம் என்பது கோழியின் வயதைப் பொறுத்தது.

கொடுவா, ஒரு கிலோ முழு மீன்: இரண்டு பக்கமும் கீறி, மிளகாய், பூண்டு, புளி அரைத்துத் தடவி, வாழையிலை மேல் 180இல் 25 முதல் 30 நிமிடம். முதுகுத்தண்டை ஒட்டி 62 வந்ததும் எடுத்துவிடுங்கள். புரட்ட வேண்டாம், புரட்டினால்தான் உடையும்.

தேன், நாட்டுச்சர்க்கரை சேர்ந்த பூச்சு எதுவானாலும் கடைசிப் பத்து நிமிடத்தில் தடவுங்கள்.

சைவத்துக்குச் சேனைக்கிழங்கு பொருத்தம். இரண்டு செ.மீ. கனத்துக்கு நறுக்கி, புளித்தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து, எண்ணெயும் மிளகாய்த்தூளும் புரட்டி 190இல் அரை மணி. கத்திரிக்காய்க்கு இந்தக் கல்லெல்லாம் வேண்டாம், நேராகத் தணலில் சுடுங்கள்.

இதில் பிரியாணி தம் போடலாமா?

தாராளமாக. மூடிமேல் தணல் கொட்டித் தம் போடுவதன் நோக்கம் மேலும் கீழும் ஒரே சூடு; அது இங்கே தானாகவே அமைகிறது. அடுப்பை 150இல் நிறுத்தி, மைதா மாவால் வாய் ஒட்டிய பாத்திரத்தைக் கம்பித்தட்டில் வைத்தால் ஒரு கிலோ அரிசிக்கு 35 முதல் 40 நிமிடம். சுற்றிலும் மூன்று செ.மீ. இடைவெளி இருக்கிறதா, மூடி சாத்த உயரம் போதுமா என்று வெறும் அடுப்பில் முதலிலேயே அளந்து பாருங்கள்.

கும்பகோணத்துப் பித்தளை அண்டாவாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. உள்ளே பூசிய வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். ஈரப்பதமான சோறு உள்ளே இருக்கும்வரை பயமில்லை. காலிப் பாத்திரத்தைச் சூடான அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் ஈயம் வழிந்துவிடும்.

புகை மணத்துக்கு எந்தக் கட்டை போடலாம்?

கொய்யா, மா, புளி. நன்றாகக் காய்ந்த, பட்டை நீக்கிய, கட்டைவிரல் கனமுள்ள மூன்று நான்கு துண்டு போதும். கரிக்கு நடுவில் புதைத்து வையுங்கள். தண்ணீரில் ஊறப்போடுவதால் பயனில்லை, நீராவிதான் முதலில் வரும். வேம்பு கசக்கும். அரளியும் எருக்கும் விஷம், அவற்றின் குச்சியைப் பற்றவைக்கக் கூடச் சேர்க்காதீர்கள். பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல் சட்டம், பிளைவுட் எல்லாம் விலக்கு.

ஆடிக்காற்றில் சூடு நிற்கவே இல்லை.

மேல்காற்று நேராகக் கீழ்வாய்க்குள் அடிக்கிறது. அடுப்பைத் திருப்பி, கீழ்வாய் கிழக்கே பார்க்கும்படி வையுங்கள். திருப்ப முடியாவிட்டால் மேற்குப் பக்கம் ஒரு முழம் தள்ளித் தகரத் தட்டியை நிறுத்துங்கள். கீழ்வாயை வழக்கத்தை விடப் பாதியாகக் குறைத்துத் தொடங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன செய்வது?

இந்த இரண்டு மாதமும் அடுப்பின் எதிரி ஈரம். கரியை மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் வையுங்கள். சாக்கில் விட்டால் காற்றிலுள்ள ஈரத்தையே குடித்துவிடும். அடுப்பு நனைந்திருந்தால் எடுத்த எடுப்பில் 250க்கு ஏற்றாதீர்கள். செராமிக் துளைகளில் ஊறிய தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் விரிசலாக்கும். ஒரு கைப்பிடிக் கங்கு வைத்து 100, 110இல் ஒரு மணி நேரம் காயவிட்டு அப்புறம் ஏற்றுங்கள்.

மாதக்கணக்கில் மூடியே கிடந்த அடுப்பில் கம்பித்தட்டு, கேஸ்கெட் எல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை பூத்திருக்கும். சோப்பு போட்டுக் கழுவினால் செராமிக் அதையும் குடிக்கும். காய்ந்த பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, மேலே சொன்னபடி காயவைத்து, பிறகு 230க்கு ஏற்றி அரை மணி எரியவிட்டால் போய்விடும். அந்தத் தடவை கரியையும் புதிதாகப் போடுங்கள். இனிமேல் வராமலிருக்க, அடுப்பு முழுக்க ஆறிய பிறகு இரண்டு வாயையும் சிறிது திறந்து வையுங்கள், மேலே மழையுறை போட்டிருந்தாலும்.

எங்கே வைக்கக் கூடாது?

கீற்றுக்கொட்டகைக்குள்ளும் அதன் ஓரத்திலும் கூடாது. வைக்கோல் போருக்கும் அடுப்புக்கும் குறைந்தது பத்து மீட்டர், காற்று போரை நோக்கி அடிக்காத பக்கம். மழை என்பதற்காகக் கார் ஷெட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தாதீர்கள். கரித்தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை. மயக்கம் வருவதற்குள் எழுந்து போக முடியாமல் ஆகிவிடும்.

18 அங்குல அடுப்பு 70 முதல் 110 கிலோ வரை இருக்கும். மர மேசையில் வைத்தால் அடியில் கனமான சிமென்ட் பலகை வேண்டும். இடம் மாற்றும்போது உள்ளே இருக்கும் செராமிக் பாகங்களை வெளியே எடுத்துவிட்டு, மூடியின் கைப்பிடியைப் பிடிக்காமல் அடிப்பாகத்தைப் பிடித்து இருவராகத் தூக்குங்கள்.

புது அடுப்பை முதல் நாளே முழுச் சூட்டுக்குக் கொண்டுபோகலாமா?

முதல் மூன்று நான்கு முறை 175ஐத் தாண்ட வேண்டாம். கேஸ்கெட்டின் பசை இறுக வேண்டும். அதன் பிறகு மூடியைப் பிடிக்கும் இரும்புப் பட்டையின் நட்டுகளை இறுக்குங்கள். தளர்ந்தால் மூடி நழுவி விழும், அப்படி விழுந்தால் அதோடு சரி.

உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. அடுப்பு போய்விட்டதா?

கரிக்குழியில் மயிரிழை விரிசல் சகஜம், இடத்தை விட்டு நகராதவரை சமைக்கலாம். சில அடுப்புகளில் குழியையே துண்டுகளாகத்தான் செய்கிறார்கள். மூடியிலோ வெளிச்சுவரிலோ ஊடுருவிய விரிசல் என்றால் பயன்படுத்த வேண்டாம். வாரன்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

சமைத்து முடித்ததும் எப்படி அணைப்பது? சாம்பலை என்ன செய்வது?

இரண்டு வாயையும் முழுக்க அடையுங்கள். அவ்வளவுதான். காற்றில்லாமல் தணல் அணையும், ஆனால் சுவர் ஆறப் பல மணி நேரம் ஆகும். இரவு சமைத்தால் காலையில் தொடலாம். சூடு இருக்கும்போது மழையுறையைப் போர்த்தினால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

சாம்பலை மறுநாள் எடுங்கள். மேலே வெளுத்து ஆறியது போல் இருந்தாலும் உள்ளே ஒரு கங்கு உயிரோடு கிடக்கும். மூடி போட்ட தகர டின்னில் இன்னும் ஒரு நாள் வைத்த பிறகே குப்பையிலோ எருக்குழியிலோ கொட்டுங்கள். சாம்பல் காரத்தன்மை உள்ளது. வேதாரண்யம், நாகைக் கடலோரம் போல மண் ஏற்கெனவே உவர்ப்பாக இருக்கும் இடங்களில் செடிக்குப் போட வேண்டாம். பாத்திரம் தேய்க்க எடுத்து வைத்துக்கொள்ளலாம்.